‘பார்த்துப் போட்டுக் கொடு’ என்றால் எவ்வளவு?

போன நவம்பரில் ஒரு ராத்திரி. மாரமங்கலத்தில் மூன்று நாளாக விடாத மழை. எங்கோ சில்வர் ஓக் மரம் விழுந்து மாலையிலேயே கரண்ட் போய்விட்டது. பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால், திண்ணையில் என் பேத்தி போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கம்ப்யூட்டர், கையில் செல்போன். இரண்டின் வெளிச்சமும் முகத்தில் விழுகிறது. முகம் சரியில்லை.

“என்ன கண்ணு, இன்னும் தூங்கலையா?”

“கஸ்டமர் மெசேஜ் போட்டிருக்காரு தாத்தா. முதல் பக்கத்துல இருக்கிற பச்சை கலர் அவரோட மச்சானுக்குப் பிடிக்கலையாம். நாளைக்குக் காலையில மாத்தித் தரணுமாம்.”

“இது எத்தனாவது தடவை?”

“எண்றதை விட்டுட்டேன்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கு வேலை தெரியும் தாத்தா. விலை சொல்லத்தான் தெரியல. தையோட இதை மூடிட்டு பெங்களூருக்கே வேலைக்குப் போயிடலாம்னு இருக்கேன்.”

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அந்தக் கஸ்டமரை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தவனே நான்தான்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக 38 வருடம் ஓட்டி, 2011-இல் ஓய்வு பெற்றேன். மகளை இந்த மலைக்குக் கட்டிக் கொடுத்ததால், என் மனைவி போன பிறகு நானும் இங்கேயே வந்துவிட்டேன். மருமகனுக்குக் கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு. பேத்தி சேலத்தில் படித்து, பெங்களூரில் நான்கு வருடம் வேலை பார்த்து, இரண்டு வருடத்துக்கு முன் வீட்டுக்கே திரும்பி வந்து சொந்தமாக ‘டிஜிட்டல் ஏஜென்சி’ தொடங்கினாள். ஏஜென்சி என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு யுபிஎஸ், ஒரு பெண் பிள்ளை, அவ்வளவுதான். கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இணையதளம் செய்து தருவது, கூகுள் வரைபடத்தில் அவர்கள் பெயர் சரியாக வரும்படி பார்ப்பது, இன்ஸ்டாகிராமில் படம் போடுவது, விளம்பரம் கொடுப்பது எல்லாம் இவள் தொழில்.

ஏற்காட்டில் எனக்கு ஒரு நண்பர். நான்கு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறார். நல்ல மனிதர். மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்கு முன்னால் இணையதளம் வேண்டும் என்றார். “என் பேத்தி செய்வாளே” என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். அவர் “எவ்வளவு ஆகும்?” என்று கேட்டபோது, பேத்தி வாயைத் திறப்பதற்குள், “நம்ம ஆளுதான், பார்த்துப் போட்டுக் கொடு கண்ணு” என்றும் நானே சொன்னேன். அவள் 15,000 ரூபாய் என்றாள். அவர் கையைக் குலுக்கினார். காகிதம் எதுவும் எழுதவில்லை. காபி குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

ஐந்து பக்கம் என்று பேசிய வேலை. பிறகு தமிழிலும் ஒன்று வேண்டும் என்றார். பிறகு அறை முன்பதிவு செய்யும் படிவம். புகைப்படம் எடுக்கச் சேலத்திலிருந்து ஒருவரை வரவழைத்து இவள் கையிலிருந்து 4,000 கொடுத்தாள். மெத்தை விரிப்பு மாற்றிவிட்டேன் என்று அவர் மறுபடி படம் எடுக்கச் சொன்னார். சாப்பாட்டுப் பட்டியல் அச்சடிக்க வடிவமைப்பு, வாசல் போர்டு, வாரம் இரண்டு ரீல்ஸ். ஒவ்வொன்றும் “சின்ன வேலைதானே பாப்பா” என்றுதான் வரும். தளம் மே மாதத்துக்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. வேலை மட்டும் நவம்பரிலும் முடியவில்லை. பணத்தில் 5,000 பாக்கி.

நண்பர் ஏமாற்றுக்காரர் அல்ல. தான் எத்தனை வேலை கேட்டோம் என்பதே அவருக்குத் தெரியாது. எழுதி வைத்திருந்தால்தானே தெரியும்? இதை நினைத்தபோதுதான் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா தச்சர். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பதினோரு வயது. அதற்குப் பிறகும் கடற்கரைப் பக்கத்து வீதிகளில் சில பிரெஞ்சுக் குடும்பங்கள் இருந்தன. சைகோனிலிருந்து திரும்பி வந்த பென்ஷன்காரர்களும் இருந்தார்கள். கதவு, அலமாரி, மேஜை என்று அப்பாவுக்கு அவர்களிடம் வேலை உண்டு. ஆனால் வாய் வார்த்தையில் வேலை நடக்காது. ‘தெவி’ கொண்டு வா என்பார்கள். தேவி அல்ல, தெவி. நம் ஊர் எஸ்டிமேட் போல. என்ன மரம், என்ன அளவு, எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று எழுதி, வாடிக்கையாளர் கீழே ‘போன் பூர் அக்கோர்’, அதாவது ‘சம்மதம்’ என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் அப்பா மரத்தில் ரம்பத்தை வைப்பார்.

அப்பாவுக்கு பிரெஞ்சு பேச வரும், எழுத வராது. பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்க, வேறு ஆள் எதற்கு? ராத்திரி சிம்னி விளக்கில் என்னை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைப்பார். “தேக்கு. ரெண்டு மடல். கீல், தாழ்ப்பாள் உட்பட. வார்னிஷ் நீங்கலாக.” ஒரு தடவை நான் ‘நீங்கலாக’ வரியை எழுதாமல் விட்டுவிட்டேன். “அதான் உட்பட எல்லாம் எழுதியாச்சே, மத்ததெல்லாம் இல்லன்னுதானே அர்த்தம்?” என்றேன். அப்பா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: “உட்படன்னு நீ எழுதுறது அவங்க கேட்டதை. நீங்கலாகன்னு எழுதுறது அவங்க இன்னும் கேக்காததை. சண்டை வர்றது கேக்காததுலதான்டா.”

ஒரு பிரெஞ்சு விதவை அம்மாள், கதவு மாட்டி முடிந்ததும் வார்னிஷ் எங்கே என்று கோபித்துக்கொண்டார். அப்பா காகிதத்தை நீட்டினார். அம்மாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். சிரித்துவிட்டு, “சரி, வார்னிஷுக்கு எவ்வளவு?” என்றார். அதற்குத் தனிக் காகிதம், தனிக் கையெழுத்து, தனிப் பணம். யாருக்கும் மனக்கசப்பு இல்லை. அதே அம்மாளுக்கு அப்பா பிறகும் பல வருடம் வேலை செய்தார்.

நான் வேலைக்குப் போன இடத்திலும் இதைத்தான் வேறு பெயரில் பார்த்தேன். அரசு வேலையில் ஒரு சுவர் எழுப்ப வேண்டும் என்றாலும் முதலில் எஸ்டிமேட். ஒவ்வொரு அயிட்டத்துக்கும் விலைப்பட்டியல்படி விலை. எதிர்பாராத செலவுக்கென்று ஒரு சிறு சதவீதம். வேலை நடக்கும்போது பக்க எண் அச்சிட்ட அளவுப் புத்தகம், ‘எம்.புக்’ என்போம். அதில் ஏறாத வேலைக்குப் பணம் கிடையாது. பாதி வேலைக்கு ரன்னிங் பில், முடிந்ததும் ஃபைனல் பில். எஸ்டிமேட்டில் இல்லாத வேலை வந்தால் ‘எக்ஸ்ட்ரா அயிட்டம்’ என்று தனி அனுமதி. சிவப்பு நாடா என்று எங்களைத் திட்டாதவர்கள் கிடையாது. திட்டியதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த நாடாவுக்குள் ஒரு நல்ல எண்ணமும் இருந்தது: யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பது முகத்தைப் பார்த்து முடிவாகக் கூடாது, காகிதத்தைப் பார்த்து முடிவாக வேண்டும்.

மறுநாள் காலையில் பேத்தியை உட்கார வைத்து, “கண்ணு, தாத்தா உனக்குக் குமாஸ்தா வேலை பார்க்கிறேன்” என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தே நாளாகியிருந்தது.

முதல் வேலையாக ஒரு 100 பக்க நோட்டு வாங்கி எம்.புக் போட்டோம். அவள் என்ன செய்கிறாள், எத்தனை மணி நேரம் என்று இரண்டு வாரம் எழுதினாள். எழுதி முடித்ததும் அவளே அசந்துபோனாள். மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 176 மணி. இதில் பாதிக்கு மேல் யாரும் பணம் தராத வேலை. விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்வது, பணம் கேட்டுப் போன் செய்வது, புதிதாகக் கற்றுக்கொள்வது, கரண்ட் இல்லாமல் காத்திருப்பது. பணம் வரும் வேலைக்குக் கிடைப்பது சுமார் 80 மணி நேரம்தான்.

பிறகு செலவு. அவள் கைச்செலவும் வீட்டுக்குக் கொடுப்பதும் 25,000. இணையம், மென்பொருள் சந்தா, கரண்ட் 5,000. கம்ப்யூட்டர் இரண்டு வருடத்தில் மாற்றியாக வேண்டும் என்கிறாள், அதற்கு மாதம் 2,500 ஒதுக்க வேண்டும். காய்ச்சல் வரும் மாதம், வேலை வராத மாதம் இரண்டுக்கும் சேர்த்து 7,500. ஆக 40,000. அதை 80-ஆல் வகுத்தால் மணிக்கு 500 ரூபாய். இது லாபம் அல்ல, அடக்க விலை. இதற்குக் கீழே வாங்குகிற ஒவ்வொரு மணி நேரமும் அவள் கையிலிருந்து போகிற நேரம்.

என் நண்பர் வேலைக்கு வருவோம். பேசியபடி ஐந்து பக்கம் என்றால் 40 மணி நேரம், அதாவது 20,000 ரூபாய். இவள் சொன்னதோ 15,000. நவம்பர் வரை பழைய மெசேஜ்களைப் பார்த்துக் கணக்குப் போட்டதில் அவள் உழைத்தது 110 மணி நேரம். புகைப்படக்காரருக்குக் கொடுத்த 4,000 போக மீதி 11,000. மணிக்கு 100 ரூபாய். அதிலும் 5,000 இன்னும் வரவில்லை. எங்கள் தோட்டத்தில் ஏணி போட்டு மிளகு பறிக்கிறவருக்கும் ஏறக்குறைய இதே கூலிதான் கட்டுகிறது. அவர் சாயங்காலமானால் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ராத்திரி பதினொரு மணிக்கு அவரை யாரும் கூப்பிட்டு, “அந்தக் கொடியில் ஒரு கொத்து விட்டுப் போச்சு” என்று சொல்வதில்லை.

“அப்போ மணிக்கு 500-ன்னு சொல்லிடவா தாத்தா?” என்றாள். வேண்டாம் என்றேன். மணிக் கணக்கு உன் நோட்டில் இருக்கட்டும். வாடிக்கையாளரிடம் மணி சொன்னால் உன் கையைப் பார்ப்பார். சீக்கிரம் முடித்தால் பணம் குறையும், தாமதமானால் சந்தேகம் வரும். கெட்டிக்காரிக்குத் தண்டனை, சோம்பேறிக்குப் பரிசு. அவருக்கு ஒரே தொகையாகச் சொல். ஆனால் அந்தத் தொகை எதற்கு என்பதை எழுதிக் கொடு.

அப்படி அவள் எழுதிய முதல் தெவியை நான் திருத்திக் கொடுத்தேன். எத்தனை பக்கம், எந்த மொழி. எத்தனை தடவை திருத்தம்: இரண்டு. யார் சொன்னால் திருத்தம்: உரிமையாளர் ஒருவர் மட்டும், மச்சான் அல்ல. படமும் விவரமும் வாடிக்கையாளர் எந்தத் தேதிக்குள் தர வேண்டும், தராவிட்டால் முடியும் தேதியும் தள்ளிப்போகும். பிறகு அப்பாவின் வரி. நீங்கலாக: புகைப்படம், அச்சு வேலை, ரீல்ஸ், வருடா வருடம் கட்ட வேண்டிய முகவரிக் கட்டணம், சர்வர் வாடகை. விளம்பரத்துக்கு கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் கட்டும் பணம் அவர் கார்டிலிருந்தே நேராகப் போக வேண்டும், இவள் கைப் பணத்தைப் போட்டு வசூலிக்கக் கூடாது. முடிந்த பிறகு மாதாமாதம் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் மாதச் சந்தா தனி, அதிலும் மாதம் இத்தனை மணி நேரம் என்று உண்டு. ஜிஎஸ்டி பற்றிப் பயந்துகொண்டிருந்தாள். சேவைத் தொழிலில் வருடம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு தேவையில்லை. பதிவு செய்துவிட்டால் இவள் வேலைக்கு 18 சதவீதம். ஆகவே ‘வரி இருந்தால் தனி’ என்று ஒரு வரி.

இனி முன்பணம். பிரெஞ்சுக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். வேலைக்கு முன் கொடுக்கும் பணத்துக்கு அவர்களிடம் இரண்டு சொல் உண்டு. ஒன்று ‘ஆர்’. அவர்கள் சிவில் சட்டத்தின் 1590-ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் பின்வாங்கினால் அந்தப் பணம் போச்சு, வாங்கியவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்ப வேண்டும். இன்னொன்று ‘அகோம்ப்த்’, மொத்தத் தொகையில் முதல் தவணை. அது கைமாறினால் இரண்டு பேரும் கட்டுப்பட்டவர்கள். முதலாவது நம் அச்சாரம், இரண்டாவது நம் முன்பணம். நம்மிடமும் இரண்டு சொல் இருக்கிறது, நாம்தான் ‘அட்வான்ஸ்’ என்று ஒன்றாக்கிக் குழப்பிவிட்டோம். பேத்தியின் காகிதத்தில் இப்போது தெளிவாக இருக்கிறது: கையெழுத்தோடு 40 சதவீதம், வேலை தொடங்கிய பின் அது திரும்பாது. மாதிரி வடிவம் பார்த்துச் சரி என்றதும் 40. தளம் திறக்கும் முன் மீதி 20.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த மலையில் முன்பணம் என்றாலே நல்லது என்று சொல்ல மாட்டேன். காபி பழுக்கும் முன்பே, மிளகு கொடியில் இருக்கும்போதே, வியாபாரியிடம் கைச்செலவுக்குப் பணம் வாங்கிவிட்டு, அறுவடையில் அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டிய குடியானவர்களை நான் பார்த்திருக்கிறேன். முன்பணம் வாங்கியதில் தப்பில்லை. விலையும் அளவும் முடிவாகாமல் வாங்கினார்கள், அதுதான் தப்பு. வேலையையும் விலையையும் எழுதிய பிறகு வாங்குகிற முன்பணம் கைக்கு ஊன்றுகோல். எழுதும் முன் வாங்கினால் கழுத்துக்குக் கயிறு.

செய்து கொடுத்த வேலைக்குப் பணம் வராவிட்டால்? இதற்குச் சட்டமே இருக்கிறது, பல பிள்ளைகளுக்குத் தெரியாது. 2006-ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்கிறவருக்கு, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து பேசிய தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்குள், பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. முறையிட ‘சமாதான்’ என்ற தளம் 2017-இல் தொடங்கப்பட்டது. இதற்கு ‘உத்யம்’ பதிவு வேண்டும். 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள அந்தப் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், காசு கிடையாது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே பேத்தி அதை முடித்தாள். 500 ரூபாய் கொடு, 2,000 கொடு என்று கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம்.

இன்னொரு சட்டமும் அவள் பக்கம் இருக்கிறது. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஆளாக இல்லாமல் தனியாக வேலை செய்கிறவர் எழுதிய எழுத்துக்கும் நிரலுக்கும் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரேதான். எழுத்து மூலம் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தால்தான் உரிமை மாறும். ஆகவே ‘முழுப் பணமும் வந்ததும் உரிமை மாற்றித் தரப்படும்’ என்று ஒரு வரி சேர்த்தோம். சண்டைக்கு அல்ல, நினைவூட்டலுக்கு.

45 நாள் என்று எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். 1980-களில் ஒரு வெள்ளையடிக்கும் மேஸ்திரி. 3,400 ரூபாய் பில். ஓர் இணைப்பில் கையெழுத்து விட்டுப் போயிருந்தது. நான் அதைக் கேட்டு வாங்கியிருக்கலாம். ஒரு மாடி ஏறினால் போதும். ‘திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று எழுதிக் கட்டில் போட்டேன். மார்ச் 31 தாண்டியது, அந்த வருட ஒதுக்கீடு போயிற்று, பணம் அடுத்த வருட ஒதுக்கீட்டில் ஆடி மாதம்தான் கிடைத்தது. அதற்குள் அவர் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போய்விட்டது. அவரே வந்து, என்னைக் குறை சொல்லாமல், “பரவால்ல சார், வந்துடுச்சே” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். விதிப்படி நான் செய்தது சரி. ஆனால் அந்தக் கும்பிடு இன்றைக்கும் உறுத்துகிறது. பணம் தாமதிக்கிறவர் முக்கால்வாசி கெட்ட எண்ணத்தால் தாமதிப்பதில்லை. எதிரே இருப்பவர் வீட்டு அடுப்பு அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவு கறாராக இருந்தால் நம்ம ஊரில் ஆள் வருமா என்று கேட்பீர்கள். என் மகளும் கேட்டாள். இரண்டு அறை வைத்திருக்கும் ஒரு குடும்பம் 20,000 ரூபாய்க்கு எங்கே போகும்? நியாயமான கேள்வி. இதற்கு என் பதில்: விலையைக் குறைக்காதே, வேலையைக் குறை. 8,000 தான் இருக்கிறது என்றால் 8,000-க்கு என்ன வருமோ அதைச் செய்து கொடு. ஒரே பக்கம், கூகுள் வரைபடத்தில் சரியான இடம், நல்ல பத்துப் படம், அவர்களே எடுத்தது. சிறிய விடுதிக்கு அதுவே போதும். 20,000 ரூபாய் வேலையை 8,000-க்குச் செய்வது தர்மம் போலத் தெரியும். ஆனால் பாதி வழியில் கசந்துபோய் போனை எடுக்காமல் விட்டுவிடுவார்கள். அரைகுறைத் தளத்தோடு நிற்பது அந்த ஏழைக் குடும்பம்தான். தர்மம் செய்ய விரும்பினால் அதையும் பில்லில் எழுதிச் செய். ‘தொகை 20,000, தள்ளுபடி 5,000’ என்று எழுதினால் வாங்குகிறவருக்கு வேலையின் மதிப்பும் தெரியும், உன் மனசும் தெரியும். எழுதாத தள்ளுபடியை அடுத்த தடவை எல்லாரும் விலை என்று நினைத்துக்கொள்வார்கள்.

டிசம்பரில் நானே நண்பர் வீட்டுக்குப் போனேன். பேத்தியை அழைத்துப் போகவில்லை. நான் செய்த தப்பை நான்தான் சரிசெய்ய வேண்டும். நோட்டை அவர் முன் வைத்து, “இது கணக்கு. பேசினது இது, நடந்தது இது. சண்டைக்கு வரல” என்றேன். முகம் சிவந்துவிட்டது. “உங்க பேத்தி இதெல்லாம் அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றார். “சொல்லியிருப்பா. நான்தான் வாயை அடைச்சுட்டேன்” என்றேன். ஒரு வாரம் சத்தமில்லை. பிறகு பாக்கி 5,000-உம், மேலே 6,000-உம் அனுப்பினார். கணக்குப்படி அது போதாது. பேத்தி அதோடு கணக்கை முடித்து, ‘இனி வரும் வேலைக்கு இது விலை’ என்று ஒரு தாளை இணைத்து அனுப்பினாள். மாதச் சந்தாவுக்கு அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏரிக்கரையில் பார்த்தால் பேசுகிறோம். முன்பு போலப் பேசுகிறோமா என்றால், இல்லை. அந்த இழப்பு என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

பேத்தி பெங்களூர் போகவில்லை. பொங்கலுக்குப் பிறகு மூன்று தெவி அனுப்பினாள். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் விலை அதிகம் என்றார், வேலையைக் குறைத்து ஒப்புக்கொண்டார். மூன்றாமவர் அப்படியே கையெழுத்துப் போட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போனை அலமாரியில் வைத்துவிடுகிறாள். அதுவும் தெவியில் எழுதியிருக்கிறது.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இன்று பல பிள்ளைகள் மாதச் சம்பளம் இல்லாமல் இப்படித் தனித் தொழில் செய்கிறார்கள். நமக்கு அது வேலையாகவே தெரிவதில்லை. வீட்டில்தானே இருக்கிறது என்று அரிசி மில்லுக்கு அனுப்புகிறோம், தெரிந்தவர்களுக்கெல்லாம் ‘நம்ம பிள்ளை செய்யும்’ என்று வாக்குக் கொடுக்கிறோம். உதவி செய்வதாக நினைத்து நாம் கொடுப்பது நம் சொத்தை அல்ல, அவர்கள் நேரத்தை. ஆளை அறிமுகம் செய்யுங்கள், விலையில் தலையிடாதீர்கள். உங்களிடமே ஒரு பிள்ளை விலை சொன்னால் ‘குறைத்துக் கொடு’ என்று தொடங்காமல், ‘எது எது நீங்கலாக?’ என்று கேளுங்கள். வேலை முடிந்த அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

என் வீட்டு மரக் கதவு ஒன்று புதுச்சேரியிலிருந்து வந்தது, அப்பா செய்தது. போன வாரம் பேத்தி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்கு வார்னிஷ் யார் தாத்தா அடிச்சாங்க?” என்றாள். வீட்டு வேலை ஆயிற்றே, அப்பாதான் அடித்தார், காசு வாங்காமல். அது தெவி எழுதாத வேலை. அப்படிச் செய்வதற்கும் உலகத்தில் சில பேர் இருக்க வேண்டும். யார் யார் என்பதைச் செய்கிறவர் முடிவு செய்யட்டும்.